ஐந்தாம் தரப் புலமைப்பரிசில்: கொழும்பில் தமிழ்மொழிமூலம் படிக்கும் பிள்ளையின் பெற்றோருக்கு

சகோதரி, உங்கள் மகன் வெள்ளவத்தைப் பக்கம் உயர்தரம் வரை வகுப்புள்ள பாடசாலையொன்றில் தமிழ்மொழிமூலம் நாலாம் தரம் படிக்கிறார். ரியூசனில் தரும் மாதிரி வினாத்தாள்களில் 150க்கும் 165க்கும் இடையில் எடுக்கிறார். ஐந்தாம் தரத்தில் இன்னும் இரண்டு ரியூசன் வகுப்பில் சேர்த்தால் றோயல் கல்லூரி கிடைக்குமா, கிடைக்காவிட்டால் இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை வீணாகிவிடுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். ரியூசனைப் பற்றிய கேள்வி மேலோட்டமானது. இந்தப் பரீட்சை மகனின் திறமையை உண்மையாகவே அளக்கிறதா, அதற்காக அவருடைய ஒரு வருடத்தில் எவ்வளவைக் கொடுக்கலாம் என்பதுதான் நீங்கள் அறிய விரும்புவது என்று எடுத்துக்கொள்கிறேன். ஆரம்பப் பிரிவில் நெடுங்காலம் இந்தப் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தியவன் என்ற முறையில், உறுதியாகத் தெரிந்ததை முதலிலும் ஐயத்துக்குரியதைப் பிறகும் சொல்கிறேன்.

இந்தப் பரீட்சை 1940களில் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டத்தோடு வந்தது. கிராமத்து ஏழைப் பிள்ளைகளில் திறமையுள்ளவர்களைத் தெரிந்தெடுத்து, உதவிப்பணம் கொடுத்து மத்திய கல்லூரிகளில் சேர்ப்பதே நோக்கம். அந்த இரண்டு வேலையையும் அது இன்றும் செய்கிறது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு உதவிப்பணம் கொடுக்கிறது, பிரபல பாடசாலைகளின் ஆறாம் தரத்தில் உள்ள இடங்களைப் பங்கிடுகிறது. வெட்டுப்புள்ளி, அதாவது தெரிவாவதற்கு எடுக்கவேண்டிய குறைந்தபட்சப் புள்ளி, இரண்டாக இருப்பதற்கு இதுதான் காரணம். பெறுபேற்றோடு வெளிவருவது மாவட்ட வெட்டுப்புள்ளி. அது உதவிப்பணத்துக்கானது, குடும்ப வருமான நிபந்தனையும் அதனோடு சேர்ந்தது. பாடசாலைகளின் வெட்டுப்புள்ளிகளைக் கல்வியமைச்சு பிறகு தனியாக வெளியிடும். கொழும்பில் முன்னணிப் பாடசாலைகளின் புள்ளி மாவட்டப் புள்ளியைவிட நன்றாக மேலே நிற்கும். மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டியதும் கேக் வெட்டிவிட்டு, சில வாரங்களில் விரும்பிய பாடசாலைப் பட்டியலில் பெயர் இல்லை என்று உடைந்துபோகும் வீடுகள் ஒவ்வொரு வருடமும் உண்டு. இந்த வேறுபாட்டை மகனுக்கும் இப்போதே விளங்கப்படுத்தி வையுங்கள். 70 புள்ளி என்று ஒன்றும் காதில் விழும். அது அடிப்படை மட்டத்தைக் காட்டும் எண், பிரபல பாடசாலை அனுமதிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

உங்கள் பாடசாலையில் ஆறாம் தரம் இருப்பதால் பரீட்சையில் என்ன எடுத்தாலும் மகனின் இடம் அங்கே இருக்கும். இது நிச்சயம், இதைப் பெரிய பலமாக எண்ணுங்கள். ஐந்தாம் தரத்தோடு முடியும் பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைகளின் நிலை வேறு. அவர்கள் எப்படியும் இன்னொரு பாடசாலை தேட வேண்டும், அதற்குரிய வழியை இப்போதே அதிபரிடம் கேட்டு அறிவது நல்லது.

பரீட்சை சிங்களத்திலும் தமிழிலும் மட்டுமே நடக்கிறது. பாடசாலை வெட்டுப்புள்ளியும் மொழிமூலத்துக்கு ஒன்றாக வரும். கொழும்பில் ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்மொழிமூலம் என்றால் றோயல், டி.எஸ். சேனநாயக்க, இசிப்பத்தன, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி ஆகியவையே பெரும்பாலும் பேச்சில் அடிபடுகின்றன. பெண்பிள்ளைகளுக்கு இராமநாதன் இந்து மகளிர் கல்லூரியும் முஸ்லிம் மகளிர் கல்லூரியும். இவற்றில் தமிழ்ப் பிரிவின் ஆறாம் தரத்துக்கு வெளியிலிருந்து எடுக்கும் தொகை சிறியது. அதனால் ஒன்றிரண்டு புள்ளியில் பட்டியலின் முகமே மாறிவிடும். சிங்களப் பிரிவின் வெட்டுப்புள்ளியைப் பத்திரிகையில் பார்த்து உங்கள் மகனுக்குக் கணக்குப் போடாதீர்கள். ஆறாம் தரத்தில் சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கும் வகுப்பு அனுமதிக்குப் பிறகு பாடசாலைக்குள்ளே தீர்மானிக்கப்படுவது. சில இடங்களில் அதற்கென ஓர் ஆங்கிலத் தேர்வும் வைக்கிறார்கள்.

இப்போது அந்த 150, 165 பற்றி. மொத்தம் 200 என்பதால் எண்கள் பெரிதாகத் தெரியும். ஆனால் அவை எந்தத் தாளில் வந்தவை என்று தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது. தனியார் மாதிரித் தாள்களின் கடினம் ஒரே சீராக இருப்பதில்லை. சில பெற்றோரை மகிழ்விக்கும் அளவுக்கு இலகு, சில அடுத்த மாதமும் வகுப்புக்கு வரச்செய்யும் அளவுக்குக் கடினம். அளவுகோலாகக் கொள்ளத்தக்கது பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள் ஒன்றுதான். அதிலும் ஒரு வருடத்துப் புள்ளியை இன்னொரு வருடத்து வெட்டுப்புள்ளியோடு ஒப்பிடக் கூடாது. தாள் கடினமானால் வெட்டுப்புள்ளி இறங்கும், இலகுவானால் ஏறும். மகன் 2023 தாளைச் செய்தால், நீங்கள் நினைக்கும் பாடசாலையின் 2023 தமிழ்மொழிமூல வெட்டுப்புள்ளியைத் தேடி எடுத்து, அவருடைய புள்ளி அதற்கு மேலா கீழா, எவ்வளவு என்று மட்டும் குறித்துவையுங்கள். 2024 தாளைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம், கணிப்புக்கு வேண்டாம். அந்த வருடம் முதலாம் வினாத்தாளில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியானதால், உயர் நீதிமன்றத் தீர்ப்பின்படி எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த மூன்றுக்கும் முழுப் புள்ளி கொடுக்கப்பட்டது. அதன் வெட்டுப்புள்ளியில் அதுவும் கலந்திருக்கிறது.

இப்படி ஐந்து தாள் ஆனதும் ஐந்து இடைவெளிகளின் சராசரியைப் பாருங்கள். உச்சத்தில் வந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு நம்பிக்கை வளர்க்காதீர்கள். நன்றாகப் படிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒரு தாளுக்கும் அடுத்ததற்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு புள்ளி ஏறி இறங்குவது வழமை. சராசரி வெட்டுப்புள்ளிக்கு மேலே பதினைந்து என்றால் நம்பலாம். மேலே மூன்று, கீழே மூன்று என்றால் அன்று காலை பிள்ளையின் உடம்பும் மனமும் எப்படி என்பதே முடிவைத் தீர்க்கும், எந்த ரியூசனும் அதை மாற்றாது. நிலையாக முப்பது கீழே என்றால் ஒரு வருடத்தில் அதை நிரப்பப் பிள்ளையைக் கசக்க வேண்டியிருக்கும். அதை நான் செய்யச் சொல்லமாட்டேன்.

வினாத்தாள்களின் அமைப்பு: முதலாம் வினாத்தாள் 40 வினா, ஒரு மணிநேரம், நுண்ணறிவு சார்ந்தது. இரண்டாம் வினாத்தாள் 60 வினா, ஒன்றேகால் மணிநேரம், தமிழ், கணிதம், சுற்றாடல் ஆகியவற்றோடு கொஞ்சம் சிங்களமும் ஆங்கிலமும். அண்மைய வருடங்களில் இரண்டாம் வினாத்தாளை முதலில் கொடுக்கிறார்கள், காலை 9.30க்கு. அரைமணி இடைவேளைக்குப் பிறகு 11.15க்கு முதலாம் வினாத்தாள். இது சின்ன விடயமாகத் தோன்றலாம். ஆனால் கூர்மையாக யோசிக்க வேண்டிய தாள் களைத்த பிறகு வருகிறது. வீட்டில் பயிற்சி எடுக்கும்போதும் அதே வரிசையில், அதே நேரத்தில், நடுவில் தண்ணீரும் ஒரு வாழைப்பழமும் கொடுத்து இருத்துங்கள். இரவு ஏழு மணிக்கு ரியூசன் முடிந்து வந்த பிள்ளை செய்த தாளின் புள்ளி எதையும் சொல்லாது.

முதலாம் தாளில் ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். எண் தொடர், கண்ணாடி விம்பம், உருவங்களை எண்ணுதல், குறியீட்டு மொழி, திசை, மணிக்கூடு, நாட்காட்டி, தாளை மடித்து வெட்டுதல் என்று வகைகள் மட்டானவை. ஒவ்வொரு வகையையும் இரண்டு மாதத்தில் பழக்கிவிடலாம். பிள்ளைகள் புள்ளியை இழப்பது வகை தெரியாமல் அல்ல. பன்னிரண்டாம் வினாவில் ஆறு நிமிடம் நின்றுவிட்டு, கடைசிப் பத்தில் தெரிந்த ஐந்தை வாசிக்காமலே விடுகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைக்கு இந்தப் பழக்கம் கூடுதலாக இருக்கும், விட்டுக்கொடுக்க மனம் வராது. மருந்து இரண்டு சுற்று முறை. முதல் சுற்றில் பார்த்ததும் வழி தெரியாத வினாவுக்குச் சிறு குறி போட்டுவிட்டுக் கடக்க வேண்டும். நாற்பது நிமிடத்தில் கடைசி வினாவைத் தொட்டுவிட வேண்டும். மிச்ச இருபது நிமிடம் குறி போட்டவற்றுக்கு. இதைச் சொல்லிக்கொடுத்தால் போதாது, மணிக்கூட்டை மேசையில் வைத்துப் பல தடவை செய்வித்தால்தான் கைக்கு வரும்.

இரண்டாம் தாளில் புள்ளி வாசிப்பில் போகிறது. கொழும்புப் பிள்ளைகளைப் பற்றி எனக்கு உள்ள பெருங்கவலை இதுதான். வீட்டில் பாதி ஆங்கிலம், தொலைக்காட்சியும் யூடியூப்பும் ஆங்கிலம், பாடசாலையில் மட்டும் தமிழ். பேச்சு நன்றாக இருக்கும். ஆனால் நாலு வரி நீளமுள்ள ஒரு தமிழ் வினாவை ஒரே வாசிப்பில் பிடிக்க முடியாது. ‘எஞ்சியது எவ்வளவு’ என்று கேட்டிருக்க, செலவானதை எழுதிவிட்டு வருவார்கள். அதைக் கணிதப் பிழை என்று எண்ணிக் கணித ரியூசனுக்கு அனுப்புகிறோம். ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம் தமிழில் சத்தமாக வாசிக்கச் செய்யுங்கள். சிறுவர் கதை, பத்திரிகையின் சிறுவர் பகுதி, சுற்றாடல் பாடநூல், எதுவானாலும் சரி. வாசித்ததை இரண்டு வசனத்தில் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். நாலாம் தரத்தில் பரீட்சைக்காக ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் செய்வேன். ர, ற மாறுவதும் ன, ண மாறுவதும் வாசிப்புக் கூடக்கூடக் குறையும். சிங்கள, ஆங்கிலப் பகுதிகள் அடிப்படை மட்டத்திலேயே இருக்கும். கொழும்பில் வளரும் பிள்ளை அங்கே புள்ளியை விடவே கூடாது. ஆனால் சிங்களம் பேசத் தெரிந்தும் எழுத்துத் தெரியாமல் விடும் தமிழ்ப் பிள்ளைகள் அதிகம்.

ஒரு தாள் செய்து முடித்த பிறகுதான் படிப்பே தொடங்குகிறது. தனிக் கொப்பி ஒன்றில் பிழைத்த வினாக்களை மூன்றாகப் பிரியுங்கள்: பாடம் தெரியாமல் பிழைத்தது, தெரிந்தும் வினாவைத் தவறாக வாசித்தது, நேரம் போதாமல் விட்டது. முதலாவதற்குப் பாடநூலுக்குத் திரும்ப வேண்டும். இரண்டாவதற்கு வினாவின் முக்கிய சொல்லின் கீழ்க் கோடிடும் பழக்கம். மூன்றாவதற்கு இரண்டு சுற்று முறை. இந்தப் பிரிப்பைச் செய்யாமல் வாரம் நாலு தாள் செய்விப்பதால் அதே பிழைகள் உறுதிப்படுகின்றன. ஐந்தாம் தரத்தின் முதல் தவணையில் பாடத்திட்டம் மட்டும். பிறகு வாரம் ஒரு முழுத்தாள், அதுவும் முதலில் நேரம் பார்க்காமல். கடைசி இரண்டு மாதத்தில் வாரம் இரண்டு போதும். பரீட்சை எந்த மாதம் என்று இப்போதே எண்ணி வைக்காதீர்கள். 2022இல் டிசெம்பரிலும், 2023இல் ஒக்ரோபரிலும், 2024இல் செப்ரெம்பரிலும், 2025இல் ஓகஸ்டிலும் நடந்தது. முறையை மாற்றப்போவதாகவும் அடிக்கடி அறிவித்தல்கள் வருகின்றன. திணைக்கள அறிவித்தலை மட்டும் நம்புங்கள், சந்தேகமிருந்தால் 1911க்கு அழைத்துக் கேட்கலாம்.

ரியூசன் தேவையா? பாடசாலை ஆசிரியர் ஒழுங்காகக் கற்பித்து, வீட்டில் ஒருவர் அந்தப் பிழைக் கொப்பியைப் பார்க்க முடிந்தால் தேவையில்லை. நீங்கள் இருவரும் வேலைக்குப் போவதால் அது முடியாது என்றால் ஒரு வகுப்பு, ஒன்றுக்கு மேல் வேண்டாம். வகுப்பைத் தெரிவுசெய்யும்போது ஆசிரியரின் பதாகையில் உள்ள படங்களைப் பார்க்காமல், திருத்திய தாளொன்றைக் காட்டச் சொல்லுங்கள். பிழைத்த இடத்தில் ஏன் பிழை என்று எழுதியிருக்கிறாரா, சரி பிழை போட்டுக் கூட்டி மட்டும் இருக்கிறாரா என்று பாருங்கள். பின்னதானால் அந்தப் பணம் வேண்டாத செலவு. இரண்டு மூன்று ஆசிரியர்கள் ஒரே கணக்குக்கு மூன்று குறுக்குவழி சொல்லும்போது பிள்ளை பரீட்சை மண்டபத்தில் எதை எடுப்பது என்று தடுமாறும், இது நான் திரும்பத் திரும்பக் காணும் பிழை. நித்திரையையும் கணக்கில் எடுங்கள். இந்த வயதுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணிநேரம் வேண்டும் என்பது மருத்துவப் பரிந்துரை. காலை ஐந்தரைக்கு எழும்பும் பிள்ளை இரவு எட்டரைக்குப் படுத்தால்தான் ஒன்பது மணிநேரம் வரும். மூன்று வகுப்புப் போகும் பிள்ளைக்கு அது கிடைக்காது.

ஐந்தாம் தரம் தொடங்கமுன் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாமல் ‘கவனமில்லாத பிள்ளை’ என்ற பெயர் வாங்கிய பிள்ளைகள் நிறைய. வாய்ச்சொல்லில் மிகக் கெட்டிக்காரராக இருந்தும் வாசிப்பிலும் எழுத்திலும் வயதுக்கு மீறித் தடுமாறினால், அதிக பயிற்சி கொடுக்கமுன் குடும்ப வைத்தியர் மூலம் சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையின் சிறுவர் உளநலப் பிரிவில் காட்டுங்கள். கற்றல் இடர்ப்பாடு உறுதியானால் பரீட்சையில் சலுகை கேட்டு விண்ணப்பிப்பது பற்றி அதிபரோடு நேரத்தோடு பேச வேண்டும். மகனுக்கு அப்படி உண்டா இல்லையா என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது.

பெறுபேறு வந்ததும் ஆறாம் தர விண்ணப்பம் வரும். இப்போது அது இணையவழி. பாடசாலைகளை விருப்ப வரிசையில் நிரப்ப வேண்டும், இங்கேதான் நல்ல புள்ளியும் வீணாகிறது. எல்லா இடத்திலும் எட்டாத பாடசாலைகளையே போட்டுவிட்டால் ஒன்றும் கிடைக்காது. முதலாவதில் உண்மையாகவே மிக விரும்புவதையும், அடுத்ததில் கடந்த சில வருட வெட்டுப்புள்ளிகளின்படி எட்டக்கூடியதையும், கடைசியில் நிச்சயமாகக் கிடைக்கக்கூடியதும் மகன் போக மனமுள்ளதுமான ஒன்றையும் போடுங்கள். இப்போதுள்ள பாடசாலையைவிட எந்த வகையிலும் மேலாகாத ஒன்றைப் படிவத்தை நிரப்புவதற்காக எழுதாதீர்கள். வெள்ளவத்தையிலிருந்து போக்குவரத்தையும் ஒருமுறை பாடசாலை விடும் நேரத்தில் போய்ப் பாருங்கள். காலி வீதி நெரிசல் பிள்ளைக்கு உயர்தரம் முடியும்வரை தொடரும். விண்ணப்பத்தின் அச்சுப் பிரதியொன்றை வைத்திருங்கள். மீள்பரிசீலனைக்கும் மேன்முறையீட்டுக்கும் குறுகிய காலமே தருவார்கள். ஒன்றிரண்டு புள்ளியால் தவறினால் இரண்டையும் செய்யலாம், அதிகம் நம்பியிருக்க வேண்டாம். பணம் கொடுத்தால் இடம் எடுத்துத் தருவதாக யாராவது சொன்னால் அது இலஞ்சம், கொடுப்பவரும் குற்றவாளி. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

இனி ஐயத்துக்குரியவை. ஒரு நாள் இரண்டேகால் மணிநேரம் நடக்கும் பரீட்சை வேகமாக வாசிப்பதையும் பழகிய வகை வினாக்களை விரைவாகச் செய்வதையும் நன்றாக அளக்கிறது. ஒரு கேள்வியை நாள் முழுக்க மனதில் வைத்திருக்கும் பிள்ளையை, புதிதாக ஒன்றைக் கட்டிப்பார்க்கும் பிள்ளையை அது காணாது. வயதும் குறுக்கே நிற்கிறது. ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தி என்ற விதியால், பெப்ரவரியில் பிறந்த பிள்ளையும் அடுத்த ஜனவரியில் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் இருந்து ஒரே தாளை எழுதுகிறார்கள். பத்து வயதில் பதினொரு மாதம் பெரிய இடைவெளி.

பெரிய பாடசாலைக்குப் போவதால்தான் பிள்ளை முன்னேறுகிறதா என்பது இன்னும் தீராத கேள்வி. கூடிய புள்ளி எடுத்த பிள்ளைகளை எடுத்துக்கொள்ளும் பாடசாலையின் உயர்தரப் பெறுபேறு எப்படியும் நன்றாகவே இருக்கும், அதிலிருந்து பாடசாலையின் பங்கைப் பிரித்தெடுப்பது கடினம். அமெரிக்காவில் பொஸ்ரன், நியூயோர்க் நகரங்களின் பரீட்சைப் பாடசாலைகளைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வொன்று, வெட்டுப்புள்ளிக்குச் சற்று மேலே நின்று உள்ளே போனவர்களையும் சற்றுக் கீழே நின்று வெளியே நின்றவர்களையும் ஒப்பிட்டது. பிற்காலப் பரீட்சைப் புள்ளிகளில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. அதை அப்படியே கொழும்புக்குப் பொருத்த முடியாது. இங்கே ஆய்வுகூடம், விளையாட்டு மைதானம், விஞ்ஞான ஆசிரியர் என்று பாடசாலைகளுக்கிடையில் உள்ள இடைவெளி பெரிது. ஆகவே பெயரை விட்டுவிட்டு, உங்கள் இப்போதைய பாடசாலையில் தமிழில் விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரம் வரை கற்பிக்க நிரந்தர ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இருந்தால் மாறுவதால் கிடைப்பது குறைவு. இல்லாவிட்டால் முயற்சி நியாயமானது. சாதாரண தரப் பெறுபேற்றைக் கொண்டு உயர்தரத்துக்கு வேறு பாடசாலைக்கு விண்ணப்பிக்கும் வழியும் இருக்கிறது. பதினாறு வயதில் தனக்கு எந்தப் பிரிவு என்று தெரிந்து மாறும் பிள்ளைகள் பலர்.

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று தனித் திட்டம் நமது அரச பாடசாலைகளின் அன்றாட வகுப்பில் இல்லை, புலமைப்பரிசில் அந்த இடத்தை நிரப்பாது. மகனின் கூர்மைக்குத் தீனி இந்த வருடமே தேவை. கணிதத்தில் விருப்பமென்றால் வேகம் கேட்காத, நீண்ட நேரம் யோசிக்க வைக்கும் புதிர்களைக் கொடுங்கள். மொழியில் விருப்பமென்றால் தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்குப் பாடசாலை மூலம் பெயர் கொடுங்கள். கொழும்பு பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு மாதம் ஒரு சனிக்கிழமை கூட்டிப்போங்கள்.

அவர் செய்த கடந்தகாலத் தாள்கள் எவை, ஒவ்வொன்றிலும் பிழைகள் அந்த மூன்று வகையில் எப்படிப் பிரிகின்றன என்று எழுதினால், அடுத்த தவணையில் எதற்கு நேரம் கொடுப்பது என்று இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும்.